மாயக்கதை சித்திரமாகும்போது

ஓர் இலக்கிய வடிவத்திற் பிறந்த ஆக்கம் பிறிதொரு வடிவத்துக்கு மாற்றப்படும்பொழுது கதை மட்டும் இடம்பெயர்வதில்லை. கதையைச் சொல்லும் குரல், வாசகனுக்கென விடப்பட்ட இடைவெளி, சொல்லாமற் சொல்லப்பட்டவை யாவும் புதிய வடிவத்தின் விதிகளுக்கு உட்படுகின்றன. காவியம் நாடகமாவது பற்றியும் நாவல் திரைப்படமாவது பற்றியும் தமிழிலே போதியளவு எழுதப்பட்டுள்ளது. நாவல் சித்திரக்கதையாவது பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை. சித்திரக்கதை சிறுவர்க்குரியது, அன்றேல் புகையிரதத்திலே படித்துவிட்டு எறிவதற்குரியது என்னும் எண்ணம் நம் விமரிசகரிடையே ஆழ வேரூன்றியிருந்தமையே இதற்குக் காரணம். 1978 இல் வில் ஐஸ்னரின் 'ஏ கொன்ட்ரக்ட் வித் கோட்' வெளிவந்ததன் பின்னர் 'கிராஃபிக் நொவல்' என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதனை இக்கட்டுரை சித்திர நாவல் எனக் குறிப்பிடும்.

யதார்த்த நாவலைச் சித்திரமாக்குபவனுக்கு உலகம் கைகொடுக்கிறது. தஞ்சாவூரை வரையவேண்டுமாயின் தஞ்சாவூர் இருக்கிறது. மிகுகற்பனை நாவலுக்கு அத்தகைய மாதிரி எதுவும் இல்லை. அங்குள்ள மலையும் கடலும் பறவைநாகமும் சொற்களால் மட்டுமே ஆனவை. சொற்கள் நீக்கப்படும்போது அவற்றின் இடத்தில் எதனை வைப்பது என்பதே வினா. இவ்வினாவை ஆராய்வதற்கு உர்சுலா லெ குவினின் 'ஏ விசார்ட் ஒஃப் எர்த்சீ' என்னும் நாவலை எடுத்துக்கொள்கிறேன். 1968 இல் வெளிவந்த அந்நாவலை ஃபிரெட் ஃபோர்டம் 2025 இல் சித்திர நாவலாக்கினார். ஹார்ப்பர் லீயின் 'டு கில் ஏ மொக்கிங்பேர்ட்' நாவலையும் அல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ள்ட்' நாவலையும் முன்னரே இவ்வாறு வடிவமாற்றம் செய்தவர் அவர். எனினும் இக்கட்டுரையின் அக்கறை அவருடைய நூலை மதிப்பிடுவதன்று. அத்தகைய நூலொன்று தமிழில், அதிலும் இலங்கையின் மலைநாட்டிலிருந்து எழுமாயின் அது எவ்வெச் சிக்கல்களைத் தீர்க்கவேண்டியிருக்கும் என்பதே நோக்கம்.

மலைநாட்டை வலிந்து இங்கே கொண்டுவரவில்லை. கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் 1980களில் மூழ்கிய பழைய தெல்தெனியவைக் கடந்து வீதி மேலேறத் தொடங்கியதும் காற்றின் குணம் மாறுகிறது. ஹுன்னஸ்கிரியவிற் பிரியும் கிளைவீதி லூல்வத்தையையும் கோபட் கணவாயையும் தாண்டி மீமுரைக் கிராமத்துக்கு இறங்குகிறது. சுற்றிலும் நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடர். மடக்கிய கைவிரல்களின் கணுக்களைப் போன்று முகடுகள் வரிசையாக நிற்பதனால் ஆங்கிலேயர் அப்பெயரிட்டனர். 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. மீமுரையிலிருந்து தெரியும் லக்கேகல மலை கூரிய முக்கோணமாக எழுந்து நிற்கும். இராவணனது விமானம் அங்கே இறங்கியதென ஊரார் கூறுவர். கற்பனையுலகொன்றுக்கு நிலம் தேடும் ஓவியன் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

லெ குவினின் நாவலும் ஒரு மலையிலேயே தொடங்குகிறது. புயலடிக்கும் கடலிலிருந்து எழும் ஒற்றை மலையே கொன்ட் என்னும் தீவு. ஆடு மேய்ப்பவரும் கடற்கொள்ளையரும் மந்திரவாதிகளும் பிறக்கும் வறிய நாடு அது. தாயற்றவனும் கம்மியன் ஒருவனின் மகனுமான சிறுவன், ஊர்ச் சூனியக்காரியான தன் பெரியதாயிடம் சில மந்திரச் சொற்களைக் கற்றுக்கொள்கிறான். கார்க் நாட்டுப் படைவீரர் கப்பல்களில் வந்திறங்கி ஊர்களை எரித்துக்கொண்டு மலையேறும்போது, அவன் தன்னிடமுள்ள ஒரேயொரு வித்தையைப் பயன்படுத்துகிறான். ஊர் முழுவதையும் மூடுபனியால் மறைத்துவிடுகிறான். வந்தவர்கள் வழிதெரியாது தடுமாறி, வெறும் உருத்தோற்றங்களைத் துரத்திச்சென்று செங்குத்தான சரிவில் வீழ்கின்றனர். ஹுன்னஸ்கிரியவில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தவர்க்கு இவ்வத்தியாயம் புதுமையாகத் தோன்றாது. எதிர்த் திசையில் வரும் பேருந்தின் விளக்கொளி மட்டும் முதலில் தோன்ற, பேருந்து பின்னர் மெல்ல உருப்பெறுவதைக் கண்டவர்கள் அவர்கள்.

ஒப்புமை இயற்கைக் காட்சியளவில் நின்றுவிடவுமில்லை. கண்டி இராச்சியம் கணவாயையும் காட்டையும் காய்ச்சலையும் தன் படையாகக் கொண்டு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரையும் நெடுங்காலம் தடுத்து நின்றது. இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 ஆம் திகதி பிடிபட்டது ஹுன்னஸ்கிரியவுக்கு அண்மையிலுள்ள மெதமஹநுவரைப் பகுதியிலேயாகும். ஆனால் இங்கு ஓவியன் சற்று எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். இன்று அம்மலைகளில் தமிழ் பேசி வாழ்பவருட் பெரும்பாலானோரின் முன்னோர், அரசன் வீழ்ந்த பின்னர் காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நாட்டுவதற்கெனக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுக்குப் பனி ஊரைக் காக்கும் மந்திரமாயிருந்ததில்லை. விடியற்காலையிற் கறுப்புக் கம்பளியைப் போர்த்து, இடுப்பிற் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு மலைக்குப் போகும் வேளையின் பெயர் அது. ஒரே பனியை இருவகையாக வரையலாம். எவ்வகையைத் தேர்வதென்பது வெறும் அழகியல் வினாவன்று.

வரைவது எவ்வாறு என்பதற்கு வருவோம். எழுத்தில் மூடுபனி சொற்களைக் கூட்டிக்கூட்டி உண்டாக்கப்படுவது. குளிர், ஈரம், ஒலியின் மழுக்கம், அண்டை வீட்டான் குரல் எத்திசையிலிருந்து வருகிறதென்ற ஐயம் ஆகியன ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படும். சித்திரத்திலோ பனி என்பது வரையாமல் விடப்பட்ட தாளேயாகும். கோடுகள் குறையக் குறையப் பனி அடர்கிறது. எனவே எழுத்தாளர் பெருக்கிச் செய்ததை ஓவியன் குறைத்துச் செய்கிறான். வடிவமாற்றம் என்பதன் சாரம் இதுவென்றே கருதுகிறேன். மூலத்தின் சொற்களைக் குறிப்புப் பெட்டிகளிலே நிறைத்து, அவை கூறுவதையே படத்திலும் காட்டும் சித்திர நாவல் இருமுறை கூறுகிறதேயன்றி மாற்றவில்லை. சித்திரக்கதையின் இயல்பை விளக்கிய ஸ்கொட் மக்ளவுட் தமது 1993 ஆம் ஆண்டு நூலில், இரு கட்டங்களுக்கிடையேயுள்ள வெற்றிடத்தையே அக்கலையின் மையமாகக் கொண்டார். நிகழ்ச்சியை அவ்விடத்தில் வாசகனே நிறைவுசெய்கிறான் என்பது அவர் வாதம். பனி படர்ந்த பக்கத்தில் கட்டத்தின் உள்ளும் வெளியும் ஒரே வெண்மையாகிவிடும். வாசகனும் கார்க் வீரனைப் போலவே வழி தேடுவான்.

இத்தகைய முயற்சியே வேண்டாததென்று கூறியவரும் உளர். ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1939 இல் ஆற்றிய சொற்பொழிவொன்று பின்னர் 1947 இல் விரிவான கட்டுரையாக அச்சேறியது. மாயக்கதைகளுக்குப் படங்கள் பெரிதும் நன்மை செய்வதில்லை என்பது அக்கட்டுரையில் அவர் கொண்ட நிலைப்பாடு. மலை என்று எழுதினால் ஒவ்வொரு வாசகனும் தான் கண்ட மலைகள் யாவற்றாலும் ஆன ஒரு மலையை மனத்திற் கொள்கிறான். படமோ ஒரு மலையை மட்டும் காட்டி ஏனையவற்றை அழித்துவிடுகிறது. தமது 'ஹொபிட்' நூலுக்குத் தாமே படங்கள் வரைந்தவர் இவ்வாறு கூறியமை சுவையான முரண். அந்நூலை 1989 இல் சக் டிக்சனும் ஷோன் டெமிங்கும் சித்திர நாவலாகச் சுருக்கியமைக்க, டேவிட் வென்செல் வரைந்தார். மூலத்தின் உரைநடையைப் பெருமளவு காப்பாற்ற விரும்பியமையால் அதன் பக்கங்களில் எழுத்து மிகுந்திருக்கும். விசுவாசம் என்பதைச் சொற்களின் எண்ணிக்கையால் அளக்கும் போக்குக்கு அது நல்ல உதாரணம், வென்செலின் நீர்வர்ணங்கள் இனிமையானவை என்றபோதிலும்.

ரொல்கீனின் அச்சம் ஆதாரமற்றதன்று. தமிழிலேயே சான்று உண்டு. வேதாளம் எப்படியிருக்கும் என எந்தத் தமிழ்ச் சிறுவனைக் கேட்டாலும் ஒரே விடைதான் வரும்: உருவிய வாளோடு அரசன் நடக்க, தோளின்மேல் நீண்ட வெண்கூந்தலுடன் தொங்கும் பிணம். 'அம்புலிமாமா'வில் ஓவியர் சங்கர் வரைந்த அப்படம் பல தலைமுறைகளின் கற்பனையை ஒரே அச்சில் வார்த்துவிட்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த முகங்களும் அத்தகையனவே. பின்னாளில் நிலா காமிக்ஸ் நிறுவனத்தினர் அந்நாவலைச் சித்திரக்கதைத் தொகுதிகளாக வெளியிட முற்பட்டபோது அவர்கள் கல்கியின் எழுத்தோடு மட்டுமன்றி மணியத்தின் கோடுகளோடும் போட்டியிட வேண்டியவராயினர். ஆயின், படம் கற்பனையைக் கட்டுப்படுத்தும் என்பதிலிருந்து படமே கூடாதென்பது பெறப்படாது. எந்தப் படம், யாருடைய முகம் என்னும் வினாக்கள் மேலும் கூர்மையடைகின்றன என்பதே பெறப்படும்.

லெ குவினின் நாவலில் இக்கூர்மை மிக அதிகம். அதன் நாயகனான கெட் செம்புபோற் சிவந்த பழுப்பு நிறத்தவன். அவனுடைய நண்பன் வெட்ச் கறுப்பன். தீவுக்கூட்டத்து மக்களிற் பெரும்பாலானோர் இவ்வாறான நிறத்தினர். கொள்ளையிட வரும் கார்க் வீரரே வெண்ணிறத்தவர். 1968 இல் இவ்வகை நாவல்களில் இது வழக்கத்தை முற்றாகத் தலைகீழாக்கிய செயல். ஆனால் லெ குவின் இதனை முரசறைந்து கூறவில்லை. நாயகனோடு வாசகன் ஒன்றிப்போன பின்னரே அவன் நிறத்தை மெல்லக் குறிப்பிடுகிறார். வெள்ளை இன வாசகன் தன்னையறியாமலே அவன் தோலுக்குள் புகுந்துவிடவேண்டும் என்பது தமது திட்டமென அவரே விளக்கியிருக்கிறார். பதிப்பாளர்கள் இத்திட்டத்தைப் பலகாலம் பொருட்படுத்தவில்லை. பல பதிப்புகளின் அட்டைகளில் கெட் வெள்ளையனாகவே தோன்றினான். 2004 இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் அவ்வேடத்தை வெள்ளை நடிகர் ஒருவர் ஏற்றபோது லெ குவின் கடும் கண்டனக் கட்டுரை எழுதினார். தமது வாழ்நாளின் இறுதிக் காலத்தில், சார்ள்ஸ் வெஸ் வரைந்த பெருந்தொகுப்புக்கு அவரோடு நெருக்கமாகக் கலந்துரையாடி ஒத்துழைத்தார். 2018 இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

சித்திர நாவல் இங்கே ஓர் இக்கட்டில் அகப்படுகிறது. ஃபோர்டம் கெட்டைப் பழுப்பு நிறத்தவனாகவே வரைந்தார். அவ்வளவில் நீதி செய்யப்பட்டது. ஆனால் நாவலாசிரியர் மறைத்துவைத்துப் பின்னர் வெளியிட்டதைச் சித்திரக்காரர் முதற்கட்டத்திலேயே வெளியிட்டாக வேண்டும். முகத்தை வரையாமல் நாயகனை அறிமுகப்படுத்த எத்தனை பக்கங்களுக்கு இயலும்? மூலத்தின் உண்மையைக் காப்பாற்றும் செயலே மூலத்தின் உத்தியை அழித்துவிடுகிறது. இவ்விழப்பைத் தவிர்க்க வழியில்லை என்றே நினைக்கிறேன். அதற்கு ஈடாகக் கிடைப்பது, நிறம் பற்றிய ஐயத்துக்கே இனி இடமில்லை என்னும் தெளிவு. 57 ஆண்டுகளாக அட்டைகள் செய்த பிழையை நோக்க, அது சிறிய ஆதாயமன்று.

தமிழ் வாசகர் இதனைப் பிறர் விவகாரமாகக் கருதிவிடலாகாது. 1967 இல் அனந்த் பை தொடக்கிய 'அமர் சித்திர கதா' நூல்களில் வீரரும் தேவியரும் பெரும்பாலும் வெளுத்தும், அசுரர் கறுத்தும் தோன்றுவதனைப் பின்வந்த ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். 'முத்து காமிக்ஸ்' 1972 இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தோன்றியது. அதன் தொடக்ககால நாயகர் பலர் இங்கிலாந்துச் சித்திரக்கதைகளின் மொழிபெயர்ப்பு நாயகர். இவை தமிழ்ச் சிறுவருக்கு அளித்த வாசிப்பு மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. நிறக்கேடு தீய நோக்கத்தால் மட்டும் வருவதில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கறுப்பு மையில் அச்சாகும் கோட்டோவியத்தில் நிழலிடாது விடப்பட்ட முகம் தாளின் வெண்மையையே பெறுகிறது. வாராந்தக் கெடுவுக்குள் பல கட்டங்களை வரையவேண்டிய ஓவியன் நாயகனின் முகத்தில் கோடுகளை மிச்சம்பிடிப்பான். வில்லன் முகத்திலே குறுக்குக் கோடுகள் இடுவான். பழக்கமும் கூலியும் நேரமும் சேர்ந்து ஓர் அழகியலை உண்டாக்கிவிடுகின்றன. ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றின் பிள்ளையைப் போன்ற முகமுடைய கெட்டை வெறும் கறுப்பு மையில் வரைய விரும்புபவன் முதலில் இந்த வெண்மையோடு போராடவேண்டும். மேலே கூறிய பனியும் அதே வெண்மையாதலின் போராட்டம் இருமடங்காகும். பனி வெண்மையாக இருக்க, அதற்குள் நிற்கும் முகம் வெண்மையாகாதிருக்க வேண்டும். மரச்செதுக்கு முறை ஒருவாறு உதவலாம். நாவலின் முதற்பதிப்புக்கு ரூத் றொபின்ஸ் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறத்தாழ அப்பாங்கில் அமைந்தவை.

தொடர்படங்களாற் கதை சொல்லுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த ஒன்று என்னும் தவறான கருத்தையும் இங்கு நீக்கிவிடுதல் பொருத்தமானது. கண்டிக்கு அண்மையில், குண்டசாலைப் பக்கத்திலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரையின் சுவரோவியங்கள் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. நாயக்க வமிசத்தவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவுற்ற விகாரை அது. வெஸ்ஸந்தர ஜாதகம் முதலான கதைகள் அங்கே நீண்ட கிடைப்பட்டிகளாகச் செல்கின்றன. சிவந்த பின்னணியில் அதே அரசன் ஒரே பட்டியில் மீளமீளத் தோன்றுகிறான். இல்லத்தில் இருக்கிறான், தேரேறுகிறான், தேரைத் தானம் செய்கிறான், காட்டுக்கு நடக்கிறான். ஒரு நிகழ்ச்சியிலிருந்து மறு நிகழ்ச்சியைப் பிரிப்பது ஒரு மரமோ கட்டடத் தூணோதான். மக்ளவுட்டின் வெற்றிடம் செய்யும் வேலையை அங்கே ஒரு மரம் செய்கிறது. விதானத்தில் மாரனின் படை. விலங்கு முகங்களும் பேயுருவங்களும் நெருக்கியடித்து நிற்கும் அக்காட்சியை மிகுகற்பனை என்றல்லாது வேறெவ்வாறு அழைப்பது? ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்வோவியங்களுக்கும் இவற்றைத் தீட்டிய தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சேக்கும் உரிய இடம் அளித்தார்.

தமிழகத்திலும் திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதை இவ்வாறே பட்டிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. குரங்கு முகமுடைய சோழ அரசன் இந்திரலோகம் சென்று தியாகராசரைப் பெற்றுவரும் கதை. பட்டிகளோடு தமிழ் எழுத்திற் குறிப்புவரிகள். வரைந்தவன் பெயர் சிங்காதனம். வடக்கே அக்பரின் ஓவியக்கூடம் 16 ஆம் நூற்றாண்டில் 'ஹம்சா நாமா' என்னும் மாயச் சாகசக் கதையை ஏறத்தாழ 1400 பெரிய ஓவியங்களாக்கிற்று. உரை பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. கதைசொல்லி வாசிக்கச் சபையினர் படத்தைக் கண்டனர் என்பர். சொல்லும் படமும் ஒரே தாளின் இரு பக்கங்கள் என்ற அவ்வேற்பாடு இன்றைய சித்திர நாவலாசிரியர் பலர் மறந்துவிட்ட ஒன்று. தெகல்தொருவைக்கு ஹுன்னஸ்கிரியவிலிருந்து பேருந்திற் செல்லலாம். கண்டிப் பிரதேசத்து இளம் ஓவியன் ஒருவன் கட்டம் பிரிக்கும் முறையை ஜப்பானிய மங்காவிலிருந்து கற்பதில் தவறில்லை. அம்மரங்களையும் ஒருமுறை பார்த்துவரலாம்.

இனி மொழி. சித்திர நாவலுக்குப் பேச்சுக்குமிழியே உயிர். நாவலில் உரையாடல் விவரணைக்கு நடுவே தோன்றி மறைவது. சித்திர நாவலில் விவரணை படமாகிவிட, எஞ்சும் சொற்களிற் பெரும்பகுதி உரையாடலே. எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் இத்துணை விலகிநிற்கும் தமிழுக்கு இது சாதாரண மாற்றமன்று. மூல நாவல் முழுவதும் ஒருவகை உயர்நடையில், பழங்கதை கூறும் தொனியில் அமைந்தது. அதனைச் செந்தமிழிற் பெயர்த்தல் எளிது. அதே செந்தமிழைக் குமிழிக்குள் இட்டால், ஆடு மேய்க்கும் சிறுவன் மேடைப் பேச்சாளனாகிவிடுவான். பேச்சுத் தமிழ் எனில் எந்தப் பேச்சுத் தமிழ்? இலங்கையில் 'சிரித்திரன்' சுந்தர், சவாரித் தம்பரையும் அவர் போன்றோரையும் யாழ்ப்பாணப் பேச்சிலேயே பேசவைத்து, சித்திரமும் கிளைமொழியும் எவ்வளவு இணக்கமானவை என்பதைக் காட்டினார். மலையகப் பேச்சுக்கு அத்தகைய சித்திர வாழ்வு போதியளவு கிட்டவில்லை. கொன்ட் தீவு மலையகத் தமிழ் பேசுமாயின், அங்கிருந்து ரோக் தீவின் மந்திரக் கல்லூரிக்குச் செல்லும் கெட் அங்கே பிறர் பேசும் திருந்திய தமிழ் கேட்டுக் கூசுவான். மேட்டுக்குடிப் பிள்ளையான ஜாஸ்பர் அவனுடைய பேச்சை ஏளனம் செய்வான். மூலத்தில் இருவருக்குமிடையே மூளும் பகைக்குக் காரணம் வர்க்க அவமானமே. ஆங்கிலத்திற் சொல்லித் தெரியவேண்டிய அதனைத் தமிழ்க் குமிழிகள் 'எங்கடா போற?' என்பதற்கும் 'எங்கே செல்கிறாய்?' என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தாலேயே காட்டிவிடும். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்க்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

நாவலில் மூன்றாவதொரு மொழியும் உண்டு. பறவைநாகங்களின் தாய்மொழியாகவும் பொருள்களின் மெய்ப்பெயர்களைத் தருவதாகவும் அமையும் ஆதிமொழி அது. மந்திரம் யாவும் அம்மொழியிலேயே. இதற்குச் சங்கத் தமிழைப் பயன்படுத்தலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. படிப்பதற்கு அருமையாகவும் இருக்கும். ஆயினும் தயங்குகிறேன். ஒரு மொழியின் தொல்வடிவமே உலகின் மெய்மொழி என்று படம் வரைந்து காட்டுதல், மொழித்தூய்மைவாதத்துக்கு மந்திரவாதியின் அங்கியை அணிவிப்பதாகிவிடும். பொருளற்ற ஒலிகளைப் புனைந்துகொள்வதே நேர்மையான வழி எனத் தோன்றுகிறது. தமிழ்ச் சொற்களின் நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற ஒற்றைச் சொல் சிறு குமிழியைப் பிளந்துவிடும். ஆங்கிலக் குமிழிகளின் அளவை மாற்றாமல் தமிழை உள்ளே திணித்த மொழிபெயர்ப்புகளில் எழுத்துச் சிறுத்துக் கண்ணைக் குத்துவதை அனைவரும் கண்டிருப்பர். தமிழிலேயே திட்டமிடப்படும் சித்திர நாவலில் எழுத்து முதலில் எழுதப்பட்டுப் படம் அதனைச் சூழ வரையப்படுதல் வேண்டும்.

பெயர் என்பது இந்நாவலின் அச்சாணி. ஒவ்வொருவனுக்கும் ஊரறிந்த பெயரொன்றும், நம்பிக்கைக்குரியோர் மட்டும் அறிந்த மெய்ப்பெயரொன்றும் உண்டு. மெய்ப்பெயரை அறிந்தவனுக்கு அவன் உயிரே வசம். ஆகவே கதையிற் பிறர் நாயகனைச் சிட்டுப்பருந்து என்னும் பொருள்படும் புனைபெயராலேயே அழைக்க, கதைசொல்லி மட்டும் கெட் என்கிறார். அதாவது வாசகனைக் கதைசொல்லி நம்பியிருக்கிறார். கதைசொல்லியை நீக்கிவிட்ட சித்திர நாவலில் இவ்வுறவு எங்கே போகும்? குறிப்புப் பெட்டிகளை முற்றாக ஒழிக்கக்கூடாது என்பதற்கு நான் அறிந்த மிக வலுவான நியாயம் இது. தமிழில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. நம் எழுத்து ககரத்தின் இரு ஒலிகளையும் வேறுபடுத்தாது; புனிதமான அம்மெய்ப்பெயர் தமிழில் 'கெட்ட' என்பதன் அரைச்சொல்லாகக் காதில் விழும்! மொழிபெயர்ப்பவர் பெயரை மாற்றுவதா, அந்த நகைப்பைச் சகிப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். பெயர் மாற்றப்படுவதையே நான் விரும்புவேன்.

மலையகத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு மேலதிகக் கனம் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியப்படுவது ஒரு பேர். எடுக்கவேண்டிய கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரும் அவன் நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட சமூகம் அது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. பதிவேட்டில் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை மந்திரக்கதை படித்து அவர்கள் அறியவேண்டியதில்லை. மெய்ப்பெயர் பற்றிய லெ குவினின் கற்பனை இங்கே வேரூன்றுவதற்கு நிலம் ஏற்கெனவே பண்பட்டிருக்கிறது என்றே கூறவருகிறேன்.

நடைமுறைத் தடைகளையும் மறைக்கலாகாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். லெ குவினின் நூல்களை உரிமை பெறாமற் சித்திரமாக்க 2088 ஆம் ஆண்டு முடியும்வரை காத்திருக்கவேண்டும். தமிழ்ச் சித்திரக்கதைக்காரர் மீண்டும் மீண்டும் கல்கியிடம் செல்வதற்கு அவரது புகழ் மட்டும் காரணமன்று. அவருடைய எழுத்துகள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் எவர்க்கும் உரியன. எனவே இங்கு முதலில் முயலத்தக்கவை அவையே எனலாம். முழுவண்ண அச்சின் செலவைச் சிறு பதிப்பாளர் தாங்கமாட்டார். கறுப்பு வெள்ளையே கதி என்றால், நிறம் பற்றி முன்னர்க் கூறியது இன்னும் முக்கியமாகும்.

இறுதியாக நிழல். செருக்கினாலும் அவமானத்தாலும் உந்தப்பட்ட கெட், ஜாஸ்பரோடு போட்டியிட்டு இறந்தோருலகிலிருந்து ஆவியை அழைக்கும்போது உலகிற் பிளவு உண்டாகி, உருவமற்ற கருமையொன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அப்பிளவை மூடிய முதுபெரும் மந்திரவாதி உயிர்விடுகிறார். அதன்பின் நாவல் முழுவதும் நிழல் அவனைத் துரத்துகிறது. பின்னர் அவன் அதனைத் துரத்துகிறான். எழுத்தில் அது உருவமற்றது என்று கூறிவிடலாம். சித்திரத்தில் உருவமற்றதை வரைந்தால் அது கருமை என்ற உருவத்தைப் பெற்றுவிடுகிறது. கறுப்பு நாயகனின் கதையில் தீமையும் கறுப்பாகவே தோன்றுவது மேலும் சங்கடமானது. சாம்பல் நிறத் துகள்களாகவோ, கட்டத்தின் எல்லைக்கோடுகள் அரிக்கப்பட்டாற் போலவோ காட்டலாம். பனியை வெண்மையாக விட்டதுபோல நிழலைக் கட்டங்களுக்கிடையேயுள்ள இடத்தின் பரவலாகக் காட்டுவது இன்னும் நுட்பமாயிருக்கும். இடைவெளி பக்கத்துக்குப் பக்கம் அகன்றுகொண்டே வர, படங்கள் ஒடுங்கும்.

கடைசிச் சந்திப்பு உலகின் கிழக்கெல்லைக்கு அப்பாலுள்ள கடலில் நிகழ்கிறது. நெருங்கிவரும் நிழல் முதலில் அவன் தந்தையின் சாயலிலும், பிறகு ஜாஸ்பர் முதலிய பிறர் சாயலிலும் தோன்றி மறைகிறது. ஓவியனுக்கு இது எளிய பகுதி. முன்பு வரைந்த முகங்களை வாசகன் நினைவுகூர்வான், எழுத்தைவிட விரைவாகவே. அரிய பகுதி அடுத்து வருவது. இருவரும் ஒரே கணத்தில் ஒரே சொல்லைக் கூறுகின்றனர்; நிழலின் மெய்ப்பெயரும் கெட் என்பதே. உரைநடையில் இது ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். சித்திரத்தில் இரு குமிழிகள் வரைந்தால் இருவர் பேசினர் என்றாகும். குமிழியே இல்லாது விட்டால் மௌனமாகும். ஒரே குமிழியை நடுவில் வைத்து, இரு பக்கமும் இரு வால்கள் இறக்கி, ஒன்றை அவன் வாயருகிலும் மற்றையதை வெண்மையாக விடப்பட்ட தாளிலும் முடித்தல் வேண்டும்.